அக்கா மகனை போலீஸ் அழைத்துப் போயிருக்கிறது: ஜெயிலா, ஜாமீனா, அடுத்து என்ன?

கேள்வி இதுதான்: அக்கா மகனுக்கு 16 வயது முடிந்து ஆறு மாதம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இருபதைத் தாண்டிய இரண்டு பேரோடு பைக்கில் போய் ஒருவரிடம் செல்போன் பறித்ததாக நேற்று இரவு பிடித்திருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போவானா, முன்ஜாமீன் எடுக்கலாமா, பின்னால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று தாய்மாமன் கேட்கிறார்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அவனை ஜெயிலில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை, லாக்கப்பிலும் வைக்கக் கூடாது. பிடித்தாகிவிட்டதால் முன்ஜாமீன் பேச்சு முடிந்தது. வேலைக்குச் சட்டப்படி தடை வராது. ஆனால் இந்த மூன்று பதிலும் நிற்பது ஒரே நிபந்தனையில்: அவன் சிறுவன் என்பது முதல் நாளே காகிதத்தில் ஏற வேண்டும். அது தவறினால் மற்றதெல்லாம் பின்னாலேயே தவறும்.

இதற்கான சட்டம் 2015-ல் நிறைவேறி 2016 ஜனவரி 15-ல் அமலுக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம். 18 வயது நிறையாதவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் ‘குற்றவாளி’ அல்ல, ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’. கைது என்ற சொல்லைக்கூடச் சட்டம் தவிர்க்கிறது. பெயரை மாற்றினால் ஆயிற்றா என்று கேட்பீர்கள். இந்தச் சொல் ஒரு இடத்தில் நமக்கே இடிக்கிறது. சிறாருக்குக் ‘கைது’ என்பதே இல்லாதபோது கைதுக்கு முந்தைய ஜாமீன் எங்கிருந்து வரும் என்று 2017-ல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று சொல்லிவிட்டது. வேறு சில உயர் நீதிமன்றங்கள் முன்ஜாமீன் தரலாம் என்கின்றன. தமிழ்நாட்டில் அந்த வழியில் போய்ப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். பிடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் என்பது மூன்று பேர்: ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ‘இன்றைக்கு போர்டு உட்காராது, திங்கள்கிழமை பார்க்கலாம்’ என்று ஸ்டேஷனில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழுமம் கூடாத நாளில் அதன் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தலாம் என்று 7-வது பிரிவு சொல்கிறது, உறுப்பினரின் வீட்டுக்கே அழைத்துப் போய் நிறுத்துவதும் வழக்கத்தில் உண்டு. அதுவரை அவன் இருக்க வேண்டியது சிறப்புச் சிறார் காவல் பிரிவு அல்லது ஸ்டேஷனின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் (சி.டபிள்யூ.பி.ஓ) பொறுப்பில். பெரும்பாலும் ஓர் உதவி ஆய்வாளருக்கு இந்தப் பொறுப்பைக் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். ‘இந்த ஸ்டேஷன்ல சி.டபிள்யூ.பி.ஓ யார் சார்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த குடும்பம் என்றால் பேச்சின் தொனி கொஞ்சம் மாறும்.

இந்தச் சட்டத்துக்கான 2016-ன் மாதிரி விதிகளில் 8-வது விதி போலீசுக்கானது. கைவிலங்கு கூடாது. முடிந்தவரை சீருடை இல்லாமல் இருக்க வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சிறாரிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் அதிகம் மீறப்படுவது. ‘ஒரு கையெழுத்துப் போட்டால் காலையில் விட்டுவிடுவோம்’ என்பார்கள். அப்படி எழுதி வாங்கிய காகிதத்தை வைத்துத்தான் ஊரில் கண்டுபிடிக்காமல் கிடக்கும் நாலு பறிப்பு வழக்குகளையும் அவன் தலையில் கட்டுவார்கள். அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது: கொடிய குற்றம் என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னாலோ தவிர, சிறார் மேல் எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் பதிந்து, அவன் குடும்பப் பின்னணி பற்றி ஓர் அறிக்கை எழுதினால் போதும். இங்கே பெரியவர்கள் இரண்டு பேர் இருப்பதால் எஃப்.ஐ.ஆர் போட்டிருப்பார்கள், அது முறைதான். ஆனால் அவன் வழக்கைப் பெரியவர்கள் வழக்கோடு சேர்த்து நடத்த முடியாது. 23-வது பிரிவுப்படி இரண்டும் தனித்தனி.

இனி வயது. ரிமாண்ட் காகிதத்தில் ‘வயது சுமார் 19’ என்று ஒரு வரி விழுந்துவிட்டால் அவன் குழுமத்துக்குப் போகாமல் சாதாரண மாஜிஸ்திரேட்டிடம் போவான், அங்கிருந்து சிறை. பையன் உயரமாக இருப்பான், மீசை அரும்பியிருக்கும், பயத்தில் எதுவும் பேசமாட்டான். வேண்டுமென்றே எழுதியதா அசட்டையா என்று பிறகு ஆராயலாம். முதலில் காகிதத்தை எடுங்கள். 94-வது பிரிவு எந்த ஆவணம் முதலில் என்று வரிசை சொல்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புத் தேர்வு வாரியச் சான்றிதழ் முதலாவது. அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லையென்றால் மட்டுமே எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. இந்தச் சோதனை தேதி சொல்லாது, ஒரு வரம்பைத்தான் சொல்லும், இரண்டு வருஷம் முன்னே பின்னே போகும். காகிதம் இருக்கும்போது பரிசோதனைக்குச் சம்மதிக்காதீர்கள்.

உங்கள் பையன் ஒன்பதாவதில் நின்றவன், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்காது. வீட்டில் இருப்பது டி.சி.யாக இருக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2023 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், டி.சி.யும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் 94-வது பிரிவு கேட்கிற ஆவணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே டி.சி.யை மட்டும் நம்பாமல், உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து பிறப்புச் சான்றிதழ் அசலை எடுங்கள். படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் முத்திரையோடு பிறந்த தேதிச் சான்றும் வாங்குங்கள். ஆதார் அட்டையைக் காட்டி வாதாட வேண்டாம், அது அடையாளத்துக்கு உதவும், பிறந்த தேதிக்கு ஆதாரமாக எடுபடுவது கஷ்டம். இன்னொரு சிக்கல் உண்டு. ஐந்து வயது ஆகுமுன்பே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காகச் சில மாதங்களைக் கூட்டிப் போட்டிருப்பார்கள். பள்ளித் தேதியும் பிறப்புச் சான்றிதழ் தேதியும் இடிக்கும். உங்கள் பையன் விஷயத்தில் 18-க்கு இன்னும் தூரம் இருப்பதால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் 16 என்ற கோடும் இந்தச் சட்டத்தில் முக்கியம், அதைக் கீழே பார்ப்போம். எந்தக் கணக்கும் சம்பவம் நடந்த தேதியை வைத்துத்தான். பிடித்த தேதியோ, வழக்கு விசாரணைக்கு வரும் தேதியோ அல்ல.

ஒருவேளை அவனை ஏற்கெனவே 19 என்று ரிமாண்ட் செய்திருந்தாலும் கதவு மூடவில்லை. சம்பவத்தின்போது நான் சிறுவன் என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்கிறது 9-வது பிரிவு. 1994-ல் புனேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர் ஒருவர், சம்பவத்தின்போது அவருக்குப் 12 வயதுதான் என்று உறுதியானதால் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அதற்குள் 28 ஆண்டுகள் உள்ளே கழிந்துவிட்டன. பள்ளி தரும் ஒரு பிறந்த தேதிச் சான்றுக்கு எவ்வளவு மதிப்பு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது எஃப்.ஐ.ஆரில் போட்டிருக்கிற பிரிவு. சிறார் வழக்கில் ‘என்ன செய்தான்’ என்பதைவிட ‘எந்த செக்‌ஷன்’ என்பது தலையெழுத்தை மாற்றும். சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்று வருடம் வரை என்றால் சிறு குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ அதற்கு மேலோ என்றால் கொடிய குற்றம். நடுவில் இருப்பது கடுமையான குற்றம். ஒன்றுக்கு மேல்வரம்பைப் பார்க்கிறோம், இன்னொன்றுக்குக் கீழ்வரம்பை. இதை மாற்றிப் படிக்கிற வழக்கறிஞர்களும் உண்டு.

உங்கள் வழக்கையே எடுத்துக்கொள்வோம். அதே செல்போன், அதே பைக். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304, அதாவது பறிப்பு என்று போட்டால் அதிகபட்சம் மூன்று வருடம், சிறு குற்றம். 309, கொள்ளை என்று போட்டால் பத்து வருடம் வரை, ஆனால் கீழ்வரம்பு கிடையாது, ஆகவே கடுமையான குற்றம். ‘கத்தியைக் காட்டி மிரட்டி’ என்று ஒரு வரி புகாரில் சேர்ந்து 311 போட்டுவிட்டால் குறைந்தபட்சமே ஏழு வருடம். கொடிய குற்றம் ஆகிவிட்டது. 16 வயது நிறைந்த சிறாரைப் பெரியவரைப்போல விசாரிக்கலாமா என்ற கேள்வி கொடிய குற்றத்தில் மட்டும்தான் எழும். அதனால் எஃப்.ஐ.ஆர் நகலை இன்றே வாங்கி, புகார்தாரர் சொன்ன கதையில் கத்தி இருக்கிறதா, அது யார் கையில் இருந்ததாகச் சொல்கிறார், மீட்ட பொருள் பட்டியலில் கத்தி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் செக்‌ஷனை மாற்றி அறிக்கை போட்டால் அதன் நகலையும் விடாதீர்கள்.

இந்தக் கீழ்வரம்புக் கணக்கால் வினோதங்கள் நிறைய. கொலை முயற்சிக்கு ஆயுள் வரை தண்டனை உண்டு, ஆனால் கீழ்வரம்பு இல்லாததால் அது கொடிய குற்றம் அல்ல. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது, 2021-ல் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்தினார்கள். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு பேர் இறந்தார்கள், ஜாமீன் நிபந்தனையாக விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னதாக நாடே கொதித்தது. அந்த வழக்கிலும் பெரியவராக விசாரிக்கக் கேட்ட மனு கடைசியில் தள்ளுபடிதான் ஆனது. மறுபக்கம் பாருங்கள்: 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் விரும்பி வீட்டை விட்டுப் போய் உறவு கொண்டால், போக்சோ 4-வது பிரிவின் குறைந்தபட்சம் பத்து வருடம், ஆகவே அது கொடிய குற்றம். அரிவாளால் வெட்டியவன் ‘கடுமை’, காதலித்தவன் ‘கொடியவன்’. இப்படிப்பட்ட காதல் வழக்குகளை அந்தச் சட்டம் குறிவைக்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. ஆனால் அதற்கு உயர் நீதிமன்றம் வரை போகத் தெம்பு வேண்டும்.

16 வயதுக் கோட்டின் கதையும் தெரிந்திருக்கட்டும். 1920-ன் சென்னைச் சிறார் சட்டம்தான் இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. 1986 சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு வரம்பு 16, பெண்களுக்கு 18. 2000-ல் இருவருக்கும் 18 ஆனது. 2012 டிசம்பர் டெல்லி பாலியல் கொலை வழக்கில் ஒருவனுக்கு 18 நிறையவில்லை, சிறப்பு இல்லத்தில் மூன்று வருடம் மட்டுமே வைக்க முடிந்தது. 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்த அதே வாரத்தில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு வழக்கின் கோபத்தில் பிறந்த அந்த ஏற்பாடு இன்று நாங்குநேரியில் சக மாணவனை அரிவாளால் வெட்டிய பையன்களையும் செல்போன் பறித்தவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறது.

உங்கள் வழக்கில் 311 நின்றுவிட்டால் என்ன நடக்கும்? முதலில் நிறுத்திய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். குற்றத்தைச் செய்யும் மனத் திறனும் உடல் திறனும் அவனுக்கு இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான். இது குற்றம் செய்தானா என்ற விசாரணை அல்ல. உளவியலாளரிடம் அனுப்புவார்கள், அங்கே அவன் சம்பவத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்பதை முன்கூட்டியே அவனுக்குச் சொல்லிவையுங்கள். ஐ.க்யூ 90 என்று இரண்டு வரி அறிக்கை வந்தால் போதாது. குழும உறுப்பினர்களில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரியவராக விசாரிக்க உத்தரவானால் 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் தோற்றாலும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. 21 வயது வரை சிறைக்கும் அனுப்ப முடியாது, ‘பாதுகாப்பிடம்’ என்ற தனி இல்லத்தில்தான் இருப்பான்.

ஜாமீனைப் பொறுத்தவரை 12-வது பிரிவு பெரியவர்களுக்கான சட்டத்தைத் தலைகீழாக்குகிறது. விடுவதுதான் விதி, ஷூரிட்டி இல்லாமலும் விடலாம். மறுக்க மூன்றே காரணம்: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே உடல் அல்லது மன அளவில் ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும். குற்றம் பெரியது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் ‘நீதியின் நோக்கம்’ என்ற பைக்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மறுக்கிறார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கூட்டாளிகள் அதே தெருவில் இருக்கிறார்கள் என்றால், பையனை ஆறு மாதம் வேறு ஊரில் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள், உங்கள் முகவரிச் சான்றை இணையுங்கள். ஐ.டி.ஐ.யிலோ தனித்தேர்வு மையத்திலோ சேர்க்கப் போகிறோம் என்று வெறும் வாயால் சொல்லாமல், விண்ணப்பித்த ரசீதைக் காட்டுங்கள். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் உள்ளேயே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்தக் குழுமத்தின் முன் மறுபடி நிறுத்த வேண்டும். பணத்துக்காக ஒரு பையன் கூர்நோக்கு இல்லத்தில், அதாவது வழக்கு நடக்கும்போது சிறார்களை வைக்கும் இல்லத்தில், மாதக்கணக்கில் கிடந்தால் அது யாரோ கேட்காமல் விட்டதால்தான்.

கூர்நோக்கு இல்லம் என்றதும் ஹாஸ்டல் மாதிரி என்று சமாதானம் சொல்வார்கள். 2022 டிசம்பர் கடைசியில் ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடித்த 17 வயதுப் பையன் செங்கல்பட்டு அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட இரண்டு மூன்று நாளில் அடித்தே கொல்லப்பட்டான். இல்லப் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து இல்லங்களின் நிலையை ஆராய்ந்தார்கள். ஆகவே முதல் முறை குழுமத்தின் முன் நிற்கும்போதே, உடம்பில் காயம் இருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், அது பதிவாக வேண்டும். இல்லத்தில் இருக்க நேர்ந்தால் அனுமதிக்கிற ஒவ்வொரு நாளும் யாராவது போய்ப் பாருங்கள். பார்வையாளர் வருகிற பையன் மேல் கை வைக்க யோசிப்பார்கள்.

வயதுச் சான்று, எஃப்.ஐ.ஆர் நகல் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது காகிதம் நன்னடத்தை அலுவலர் எழுதுகிற சமூகப் பின்னணி அறிக்கை. இரண்டு வாரத்துக்குள் தர வேண்டும். வீட்டுக்கு வந்து வருமானம், அப்பாவின் குடி, படிப்பு ஏன் நின்றது, யாரோடு சுற்றுகிறான், கஞ்சா, போதை மாத்திரைப் பழக்கம் உண்டா என்று கேட்பார். ‘எங்க பையன் தங்கம், சேர்க்கைதான் சரியில்ல’ என்ற ஒற்றை வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள், அவர் அதை ஒரு நாளில் பத்து முறை கேட்டிருப்பார். படிப்பு நின்றதன் காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள். பழக்கம் இருந்தால் மறைக்காமல் சிகிச்சைக்கு எங்கே அழைத்துப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கடைசி உத்தரவு பெரும்பாலும் இந்த அறிக்கையின் மேல்தான் எழுதப்படுகிறது. கண்டித்து அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூகப் பணி செய்யச் சொல்லலாம், மூன்று வருடம் வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம், மிஞ்சிப்போனால் சிறப்பு இல்லத்தில் மூன்று வருடம். அந்த இரண்டு பெரியவர்கள் விஷயத்தையும் இந்த அறிக்கையில் ஏற்றச் சொல்லுங்கள். சிறுவனைக் குற்றத்துக்குப் பயன்படுத்துவதே தனிக் குற்றம்: நியாய சன்ஹிதாவின் 95-வது பிரிவில் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் பத்து. இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-வது பிரிவிலும் ஏழு வருடம் வரை உண்டு. பைக் யாருடையது, வண்டியை ஓட்டியது யார், விற்ற பணம் யாரிடம் போனது என்ற மூன்று கேள்விக்கும் பதில் பெரியவர்கள் பக்கம் காட்டினால், பையன் பாதிக்கப்பட்டவனாகவும் பார்க்கப்படுவான்.

வேலை விஷயம். 24-வது பிரிவு, இந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதிக்குறைவும் வராது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும் என்கிறது. 16 வயது நிறைந்து, பெரியவரைப்போல விசாரித்து, குழந்தைகள் நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. சிறார் வயது வழக்கைக் காட்டி மத்திய தொழிற் பாதுகாப்புப் படையில் (சி.ஐ.எஸ்.எஃப்) வேலை மறுத்ததை 2019-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நடைமுறையில் சிக்கல், ஸ்டேஷன் கணினியில் பழைய எஃப்.ஐ.ஆர் கிடந்து, ஐந்து வருடம் கழித்துச் சரிபார்ப்பில் மேலே வரும். அதனால் குழுமத்தின் இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அவன் முகத்தையோ பெயரையோ யாராவது வாட்ஸ்அப்பிலோ யூடியூபிலோ போட்டால் 74-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். சொந்தக்காரர்கள் குரூப்பில் நீங்களும் அனுப்பாதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையென்றால் 15100-க்கு அழையுங்கள், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரைத் தரும். குழந்தைகள் உதவி எண் 1098.

ஜாமீனில் வந்த பிறகு வாய்தாவைத் தவறவிடாதீர்கள். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், கூடுதலாக இரண்டு மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்றம் என்றால் அதற்குள் முடியாத வழக்கு அதோடு இற்றுப்போகும். ஆனால் ஒவ்வொரு தேதியிலும் பையன் வந்து நின்றிருந்தால்தான் தாமதம் யாருடையது என்ற கேள்வியில் உங்கள் பக்கம் சுத்தமாக இருக்கும். தேதிகளை ஒரு நோட்டில் எழுதி, அன்றைக்கு யார் அழைத்துப் போவது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அக்காவுக்குக் கூலி வேலை என்றால் பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.